ரஷ்ய எழுத்துகளை இரண்டு வாரத்தில் படிக்க: போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரஷ்யாவின் கசான் நகரில் இறங்கிய மூன்றாம் நாள், விடுதிக்கு எதிரே இருந்த கடையில் பால் வாங்கினேன். வெள்ளை அட்டைப் பெட்டி, மேலே பசுமாட்டுப் படம். அறைக்கு வந்து டீயில் ஊற்றினால் திரிந்துபோனது. கெட்ட பால் என்று கொட்டிவிட்டு மறுநாள் வேறொரு பெட்டி வாங்கினேன், அதுவும் திரிந்தது. மூன்றாவது பெட்டியைப் பார்த்த அறைத்தோழி வாய்விட்டுச் சிரித்தாள். அது பாலே இல்லை, கெஃபீர். நம் ஊர்ப் புளித்த மோரைக் கொஞ்சம் கெட்டியாக்கினால் வருவது. பெட்டியின் மேல் அதைக் கட்டைவிரல் பருமனில் அச்சடித்துத்தான் வைத்திருந்தார்கள். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

இத்தனைக்கும் ஊரைவிட்டுக் கிளம்பும் முன் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறாயிரம் ரூபாய் கட்டி ரஷ்ய எழுத்துப் படித்தவள் நான். அங்கே ரஷ்யச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார்கள். கசான் கடைக்காரர் எனக்காக ஆங்கில எழுத்தில் பெட்டி அச்சடிப்பாரா? வந்த பிறகு எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு வாரத்தில் படிக்க வந்துவிட்டது. மருத்துவம் படிக்கவோ வேலைக்கோ ரஷ்யா போகிறவர்கள் அந்த ஆறாயிரத்தையும் மூன்று பெட்டி கெஃபீரையும் மிச்சப்படுத்தட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது மொழி கற்க அல்ல, எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும். பொருள் தெரியாவிட்டாலும் பலகையை வாய்விட்டுப் படிக்க முடிந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. இன்னொன்று, எழுத்துகளை இங்கே நான் வரைந்து காட்டவில்லை. வரிசை எண்ணையும் உருவத்தையும் சொல்வேன். அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே தேடிக் கண்டுபிடித்து எழுதிப் பாருங்கள். அப்படிக் கண்டுபிடித்தது மறக்காது.

1. என்னென்ன வேண்டும், எப்போது தொடங்குவது

ரஷ்ய எழுத்துகள் மொத்தம் 33. உயிர் 10, மெய் 21, தனக்கென ஒலி இல்லாத குறிகள் இரண்டு. தமிழில் 247 எழுத்தைப் பழகியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை.

தேவையானவை: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்து அட்டவணை ஒன்று. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, கையெழுத்து வடிவம் மூன்றும் அதில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டுக்கொள்ளுங்கள். கோடு போட்ட நோட்டு ஒன்று. கீபோர்டில் ஒட்டும் ரஷ்ய எழுத்து ஸ்டிக்கர் ஒரு தாள். எனக்கு 150 ரூபாய் ஆனது. அவ்வளவுதான் செலவு. எழுத்தை மட்டும் கற்றுத்தருவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தைப் பின்னால் இலக்கணத்துக்கு நல்ல ஆசிரியரிடம் கொடுக்கலாம்.

நேரம்: தினமும் 40 நிமிடம், 14 நாள். மாணவர்களுக்கு விசா எடுக்க ரஷ்யாவிலிருந்து அழைப்புக் கடிதம் வர வேண்டும். அது வரும்வரை வாரக்கணக்கில் சும்மாதான் காத்திருப்பீர்கள். அந்த நாட்களில் முடித்துவிடுங்கள். இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், முதல் மாதம் மருத்துவப் பரிசோதனை, பதிவு, விடுதி, சிம் கார்டு என்று அலைச்சலிலேயே போய்விடும். படிக்கத் தெரியாதபோது அந்த அலைச்சல் இரண்டு மடங்கு.

2. முதல் இரண்டு நாள்: கார் நம்பர் பிளேட்

ரஷ்யக் கார்களின் நம்பர் பிளேட்டில் 33 எழுத்தும் வராது. ஆங்கில எழுத்துகளைப் போலவே தோற்றம் உள்ள 12 மட்டும்தான் வரும். தொடங்குவதற்கு இதைவிட வசதியான பட்டியல் கிடையாது. இந்தப் பன்னிரண்டில் ஐந்து நண்பர்கள், ஏழு எதிரிகள்.

நண்பர்கள் 1, 12, 14, 16, 20 ஆகிய எண்களில் உள்ளவை. ஆங்கிலத்தின் ஏ, கே, எம், ஓ, டி போல இருக்கும். ஒலி முறையே ஆ, க், ம், ஓ, த். ஐந்து நிமிட வேலை.

எதிரிகளுக்குத்தான் மீதி இரண்டு நாளும்:

3ஆவது எழுத்து, பஸ்ஸுக்குப் போடும் ஆங்கில 'பி' போல இருக்கும், ஒலி வ்.
6ஆவது, ஆங்கில 'ஈ' போல இருக்கும், ஒலி யெ.
15ஆவது, ஆங்கில 'எச்' போல இருக்கும், ஒலி ன்.
18ஆவது, பேப்பருக்குப் போடும் ஆங்கில 'பி' போல இருக்கும், ஒலி ர்.
19ஆவது, ஆங்கில 'சி' போல இருக்கும், ஒலி ஸ். எப்போதும் ஸ் மட்டும்தான், க் ஆகவே ஆகாது.
21ஆவது, ஆங்கில 'ஒய்' போல இருக்கும், ஒலி ஊ.
23ஆவது, ஆங்கில 'எக்ஸ்' போல இருக்கும். தொண்டையைச் செருமினாற்போல் வரும் ஹ்.

பழைய சோவியத் விளையாட்டு வீரர்களின் சட்டையில் 'சிசிசிபி' என்று பார்த்திருப்பீர்களே, அதில் 19ஆம் எழுத்து மூன்று முறை, 18ஆம் எழுத்து ஒரு முறை. படிக்க வேண்டியது 'எஸ்-எஸ்-எஸ்-எர்'. சோவியத் ஒன்றியத்தின் சுருக்கம் அது. நாம் இத்தனை காலம் நான்கு எழுத்தையும் தப்பாகத்தான் படித்துவந்திருக்கிறோம்.

எல்லோரும் விழும் பள்ளம் இதுதான்: புதிதாகத் தெரியும் எழுத்துகளைக் கண்டு பயந்து அவற்றையே எழுதி எழுதிப் பழகுவார்கள்; தெரிந்த முகங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு மாதம் ஆனாலும் தவறு வருவது இந்த ஏழில்தான். அவசரத்தில் கண் தானாக ஆங்கிலத்துக்குத் தாவும். இங்கே வந்தவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கடந்துபோகும் கார்களைப் படியுங்கள். வலது ஓரத்தில் இருக்கும் எண் வட்டாரக் குறி; கசான் இருக்கும் தாதர்ஸ்தானுக்கு 16, 116, 716. ஊரில் இருப்பவர்கள் ரஷ்யத் தெருக்களின் படத்தைத் தேடியெடுத்து அதே வேலையைச் செய்யலாம்.

3. மூன்றிலிருந்து ஏழாம் நாள் வரை: மீதி 21

ஒரே நாளில் 21ஐயும் விழுங்காதீர்கள். நாளுக்கு நான்கைந்து போதும். எனக்கு மனத்தில் நின்ற அடையாளங்களைச் சொல்கிறேன். உங்களுக்கு வேறு தோன்றினால் அதுவே மேல்.

17ஆவது: நம் 'ப'வைத் தலைகீழாகக் கவிழ்த்தது. ஒலியும் ப்தான். இதைப் பார்த்த அன்று எனக்கு ரஷ்ய மொழிமேல் இருந்த கோபம் பாதி குறைந்தது.

24ஆவது: நிமிர்ந்த 'ப'வுக்கு வலப்பக்கம் கீழே ஒரு சின்ன வால். தமிழ்க் கண் இதை 'ப' என்றுதான் படிக்கும். படிக்காதீர்கள், இது த்ஸ். நமக்கென்றே வெட்டி வைத்த குழி.

4ஆவது: கை நீட்டிய தெருவிளக்குக் கம்பம். 'தங்கம்' என்பதில் வரும் க.
2ஆவது: எண் 6 போல. 'தம்பி'யில் வரும் ப.
5ஆவது: இரண்டு கால் வைத்த வீடு. 'பந்து'வில் வரும் த.
9ஆவது: எண் 3. தேனீ ரீங்காரம் செய்வதுபோல் குரல் கொடுத்த ஸ்.
25ஆவது: எண் 4 போல. 'பச்சை'யில் வரும் ச்ச. ரஷ்யத்தில் நான்கு என்ற சொல்லே இந்த எழுத்தில்தான் தொடங்கும்.
10ஆவது: ஆங்கில 'என்' கண்ணாடியில் தெரிவதுபோல. ஒலி ஈ.
11ஆவது: அதற்கே தலையில் ஒரு பிறை. ஒலி ய்.
13ஆவது: கூடாரம். ஒலி ல்.
22ஆவது: கம்பியில் கோத்த வளையம். ஒலி ஃப்.
26ஆவது: மூன்று பல் சீப்பு, ஒலி ஷ். 27ஆவது அதே சீப்புக்கு வால் வைத்தது. நாக்கை முன்னால் தள்ளி நீட்டிச் சொல்லும் மெல்லிய ஷ்ஷ்.
31, 32, 33: எ, யூ, யா. கடைசி எழுத்து தனியாக நின்றால் 'நான்' என்று பொருள்.
7ஆவது: ஆறாம் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி. ஒலி யோ.

பாலுக்கு ரஷ்யச் சொல் ஆறு எழுத்து: 14, 16, 13, 16, 12, 16. பாருங்கள், கூடாரத்தைத் தவிர மற்ற எல்லாமே முதல் நாள் நண்பர்கள். கூடாரம் ஒன்று தெரிந்திருந்தால் எனக்கு டீ திரிந்திருக்காது.

எட்டாம் எழுத்துக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். ஆறு கால் பூச்சி போல இருக்கும். ஒலி, ஆங்கிலத்தில் 'டெலிவிஷன்' என்று சரியாகச் சொல்லும்போது நடுவில் வருவது. இதை ஆங்கிலத்தில் 'இசட்-எச்' என்று எழுதுவார்கள். நாமோ ழகரத்தை அப்படி எழுதுகிறோம். ஆகவே வரைபடத்தில் நிஷ்னி நோவ்கரதைப் பார்க்கும் தமிழன் 'நிழ்னி' என்கிறான். நம் பெயரில் ழகரத்தைப் பார்க்கும் ரஷ்யன் பூச்சி எழுத்தைப் போடுகிறான். என் பெயர் எழில். வந்த நாள் முதல் 'எஷீல்', 'எஜீல்' என்று ஏதேதோ ஆகிவிட்டேன். பெயரில் ழ உள்ளவர்கள் இப்போதே மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். எட்டாம் படியில் இது மறுபடி வரும்.

4. ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் கேளுங்கள்

கிடைக்கும் பாடங்கள் எல்லாம் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதியவை. அவர்களுக்குக் கடினமான சில ஒலிகள் நம் வாயில் பிறந்ததிலிருந்தே இருக்கின்றன. அதைத் தெரிந்துகொள்ளாமல் நானும் ஒரு வாரம் வீணாக்கினேன்.

20ஆவது எழுத்தை ஆங்கில 'டி' என்று படித்தால் 'ட்' என்று நாக்கு மேலே மடியும். ரஷ்யர்கள் பல்லைத் தொட்டுத்தான் சொல்கிறார்கள். நம் 'பத்து'வில் வரும் த். ஐந்தாவதும் அப்படியே. 'ஆம்' என்பதற்கான ரஷ்யச் சொல்லை 'டா' என்று சொல்லாதீர்கள். 'பந்தா'வில் உள்ள 'தா' அது.

29ஆவது எழுத்து வெள்ளைக்காரர்களை அழவைக்கும். ஆங்கிலப் பாடங்களில் 'வயிற்றில் குத்து வாங்கியது போல் இ சொல்லுங்கள்' என்றெல்லாம் வரும். நீங்கள் 'காற்று', 'பாட்டு' என்று சாதாரணமாகச் சொல்லி, கடைசி எழுத்தில் அப்படியே நில்லுங்கள். உதடு குவிந்திருக்கிறதா? இல்லை. பள்ளியில் குற்றியலுகரம் என்று படித்தோமே, அந்த ஒலிதான் கிட்டத்தட்ட. அதைக் கொஞ்சம் நீட்டி, இகரத்தின் பக்கம் சாய்த்தால் போதும். என் ரஷ்ய ஆசிரியை முதல் வகுப்பிலேயே என்னைப் பாராட்டியது இந்த ஒரு எழுத்துக்காகத்தான்.

30ஆவது எழுத்து மென்மைக் குறி. பஸ்ஸுக்குப் போடும் சின்ன ஆங்கில 'பி' போல இருக்கும், தனி ஒலி கிடையாது. முன்னால் நிற்கும் மெய்யை இளக்கும். 15ஆம் எழுத்துக்குப் பின் வந்தால் ன் ஏறக்குறைய ஞ் ஆகும். நாம் கசான் என்று எழுதும் ஊரின் பெயர் இந்தக் குறியில்தான் முடிகிறது. உள்ளூர்க்காரர் வாயில் அது 'கஸாஞ்' என்றுதான் காதில் விழும். 28ஆவது வன்மைக் குறி. அதே உருவம், தலையில் இடப்பக்கம் ஒரு கொடி. அரிதாகத்தான் வரும். கண்டால் ஒரு நொடி நிறுத்தி அடுத்த எழுத்துக்குப் போங்கள்.

நமக்குக் கடினமாவது 9ஆவது எழுத்து. தமிழ் வாய் அதை ஸ் ஆக்கிவிடும். பழகத்தான் வேண்டும், குறுக்கு வழி இல்லை.

5. எட்டாம், ஒன்பதாம் நாள்: எழுதியிருப்பது ஒன்று, சொல்வது ஒன்று

ரஷ்யம் பெரும்பாலும் எழுதியபடியே படிக்கும் மொழிதான். நான்கு விதிவிலக்குகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது அழுத்தம். ஒவ்வொரு சொல்லிலும் ஓர் உயிர்மேல்தான் அழுத்தம் விழும். அழுத்தம் இல்லாத ஓ, ஆ பக்கம் போய்விடும். பாலை எழுத்துப்படி 'மொலொகோ' என்று படித்தால் யாருக்கும் புரியாது. கடைசி எழுத்தில் அழுத்தம் விழுவதால் 'மலகோ'. 'நல்லது' என்பது 'ஹரஷோ'. மாஸ்கோவை அவர்கள் 'மஸ்க்வா' என்கிறார்கள். அழுத்தம் எங்கே என்று அச்சில் போடமாட்டார்கள். அகராதியிலும் குழந்தைகள் பாடநூலிலும்தான் போடுவார்கள். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் ஒரு முறையாவது காதால் கேளுங்கள். அழுத்தம் மாறினால் பொருளும் மாறும்: ஒரே எழுத்துகளில் 'ஸாமக்' என்றால் கோட்டை, 'ஸமோக்' என்றால் பூட்டு.

இரண்டாவது ஏழாம் எழுத்தின் புள்ளிகள். அச்சில் பெரும்பாலும் அவற்றைப் போடுவதில்லை. ஆறாம் எழுத்துப் போலவே நிற்கும், ஆனால் யோ என்று படிக்க வேண்டும். கோர்பசேவ் என்று நம் செய்தித்தாள்கள் எழுதிய பெயர் உண்மையில் 'கர்பச்சோஃப்' ஆனது இதனால்தான். உங்கள் விசாவிலேயே இது இருக்கும்: பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'படிப்பு' என்பதற்கான சொல், புள்ளி இல்லாமல் 'உச்செபா' போல அச்சாகியிருக்கும், சொல்ல வேண்டியது 'உச்சோபா'.

மூன்றாவது, சொல்லின் கடைசியில் வரும் மெய் குரல் இழக்கும். வ் போய் ஃப், ப(தம்பி) போய் ப்(அப்பா). கர்பச்சோஃப் கடைசியில் ஃப் ஆனது அதனால்.

நான்காவது, 'இன்று' போன்ற சில சொற்களில் தெருவிளக்குக் கம்பம் வ் என்று ஒலிக்கும்: 'சிவோத்ன்யா'. 'என்ன' என்ற சொல் எழுத்தில் ச்ச, வாயில் ஷ்: 'ஷ்தோ'. இவை கொஞ்சம்தான், கேட்டுக் கேட்டே வந்துவிடும்.

6. பத்தாம் நாள்: தெருவுக்குப் போங்கள்

இனிமேல் நோட்டில் பழகுவது வீண். பலகைகளைப் படியுங்கள். 'அப்தேகா' மருந்துக்கடை. 'காஸ்ஸா' பணம் கட்டும் இடம். 'ப்ரதூக்தி' மளிகைக்கடை. இறைச்சி பார்த்து வாங்குபவர்களுக்கு 'கவ்யாதினா' மாட்டிறைச்சி, 'ஸ்வினீனா' பன்றி, 'கூரித்ஸா' கோழி, 'ரீபா' மீன். சைவக்காரர்கள் பெட்டியின் பின்புறம் 'சஸ்தாஃப்' என்ற தலைப்பின் கீழ் உள்ளதைப் படிக்க வேண்டும். என்னென்ன கலந்திருக்கிறது என்பது அங்கேதான் இருக்கும்.

மெட்ரோவில் நுழைவாயிலும் வெளிவாயிலும் அச்சில் அண்ணன் தம்பி போல இருக்கும். இரண்டும் 3ஆம் எழுத்தில் தொடங்கி 23, 16, 5 என்று முடியும். நடுவில் குற்றியலுகர எழுத்து நுழைந்திருந்தால் அது வெளியே போகும் வழி. நான்கு எழுத்து உள்ளே, ஐந்து எழுத்து வெளியே என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். கதவுகளில் 'க் சிபியே' என்றிருந்தால் உங்கள் பக்கம் இழுங்கள், 'அத் சிபியா' என்றிருந்தால் தள்ளுங்கள். முதல் வாரம் முழுக்க வங்கிக் கதவை எதிர்த்துப் போராடிய அனுபவத்தில் சொல்கிறேன்.

கசானுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. இங்கே பலகைகள் ரஷ்யத்திலும் தாதர் மொழியிலும் இருக்கும். தாதர் மொழியும் அதே எழுத்தில்தான் எழுதப்படுகிறது; கூடுதலாக ஆறு எழுத்து சேர்த்து 39. தலைகீழான ஆங்கிலச் சின்ன 'ஈ' போல ஒன்று கண்ணில் பட்டால், நீங்கள் அட்டவணையை மறந்துவிடவில்லை, அது தாதர் சொல். 'தாருஹனே' என்றால் மருந்துக்கடை, 'ஆஷ்ஹனே' உணவகம், 'கிபெத்' கடை. அந்த ஆறில் ஒன்று நம் ங் என்பது எனக்குக் கிடைத்த சின்ன ஆறுதல்.

7. பதினொன்று, பன்னிரண்டு: சாய்வெழுத்தும் கையெழுத்தும்

இதை எந்தப் பயிற்சி நிலையமும் சொல்வதில்லை. அச்சில் படிக்கப் பழகியவர்கள் கையெழுத்தைப் பார்த்தால் மறுபடி குருடர்கள்தான். சின்ன எழுத்தில் 20ஆவது ஆங்கில 'எம்' போல மாறிவிடும். 17ஆவது 'என்' போல. 10ஆவது 'யு' போல. 5ஆவது 'ஜி' போல. கையெழுத்தில் மட்டும் இல்லை, அச்சிலேயே சாய்த்துப் போட்டாலும் பெரும்பாலும் இப்படித்தான். மருந்துப் பெட்டி, அழைப்பிதழ், உணவகப் பட்டியல் எல்லாவற்றிலும் சாய்வெழுத்து வரும்.

ரஷ்யக் குழந்தைகள் முதல் வகுப்பில் பயன்படுத்தும் 'ப்ரோபிசி' என்ற கையெழுத்துப் பயிற்சி நோட்டு எழுதுபொருள் கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும். வெட்கப்படாமல் வாங்கி எழுதுங்கள். ரஷ்யர்கள் கையால் எழுதும்போது அச்செழுத்தைப் பயன்படுத்துவதில்லை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவது, விடுதிக் காவலர் ஒட்டிவைக்கும் குறிப்பு எல்லாம் சேர்த்தெழுத்துதான். மருத்துவ மாணவர்கள் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியதும் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி ரஷ்யத்தில்தான் பேசுவார், பழைய குறிப்புகள் கையெழுத்தில்தான் இருக்கும்.

8. பதின்மூன்றாம் நாள்: உங்கள் பெயரும் உங்கள் தாள்களும்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பணமும் நாளும் வீணாவது இங்கேதான்.

உங்கள் பெயரை ரஷ்ய எழுத்தில் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் விருப்பப்படி அல்ல, விசாவில் எப்படி இருக்கிறதோ அப்படி. விசாவில் பெயர் இரண்டு எழுத்திலும் அச்சாகியிருக்கும். கையில் வாங்கிய உடனே, அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த பிறகு பாஸ்போர்ட்டை ரஷ்யத்தில் மொழிபெயர்த்து நோட்டரியிடம் சான்று வாங்கச் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளர் உங்கள் விசாவைப் பார்க்காமல், ஆங்கிலப் பெயரைத் தன் காதுக்குப் பட்டபடி எழுதிவிடலாம். என் கதை அதுதான். விசாவில் என் பெயர் 31ஆம் எழுத்தான 'எ'யில் தொடங்கியது. மொழிபெயர்ப்பில் 6ஆம் எழுத்தான 'யெ'. படிக்கத் தெரிந்திருந்தால் அந்த மேசையிலேயே விரலை வைத்துக் காட்டியிருப்பேன். தெரியாததால் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். இரண்டும் வேறு வேறு ஆள் என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். முதல் முறை 1,200 ரூபிள், மறுபடி செய்ய அதே 1,200 ரூபிள், நான்கு நாள் அலைச்சல். ஆகவே மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே விசா நகலையும் சேர்த்துக் கொடுத்து, 'பெயர் இதன்படி' என்று கோடிட்டுக் காட்டுங்கள். சான்று முத்திரை விழும் முன் வரைவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

தவறு வரும் இடங்கள்: ஆங்கிலத்தில் 'டி-எச்' போட்டு எழுதும் தகரம் ஒரு தாளில் 20ஆம் எழுத்து மட்டுமாகவும், இன்னொன்றில் 20, 23 என்று இரண்டாகவும் வரும். 'எச்'சில் தொடங்கும் பெயர்கள் 23 ஆகலாம், 4 ஆகவும் ஆகலாம். ஹாங்காங்கை அவர்கள் 'கன்கோங்' என்கிறவர்கள். ழகரம் பூச்சியாகும். எது சரி என்று வாதாட வேண்டாம். எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

படிவங்களில் பெயருக்கு மூன்று கட்டம் இருக்கும். 'ஃபமீலியா' குடும்பப் பெயர், 'ஈம்யா' உங்கள் பெயர், 'ஓச்செஸ்த்வா' தந்தை பெயரிலிருந்து உண்டாக்கும் பெயர். முதல் எழுத்தாகத் தந்தை பெயரை வைத்துக்கொள்ளும் நமக்கு மூன்றாவது கட்டத்தைப் பார்த்ததும் கை பரபரக்கும். நிரப்பாதீர்கள். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக இருந்தால் அது முதல் கட்டத்துக்குத்தான் போகும். மூன்றாவதில் ஒரு கோடு.

விமான நிலையத்தில் தரும் குடியேற்ற அட்டையிலும் பெயர், பாஸ்போர்ட் எண், தேதி மூன்றையும் மேசையை விட்டு நகரும் முன் சரிபாருங்கள். தொலைத்துவிடாதீர்கள், திரும்பிப் போகும்வரை அது வேண்டும். தங்குமிடப் பதிவு பொதுவாக ஏழு வேலை நாளுக்குள் முடிய வேண்டும்; விடுதியில் இருப்பவர்களுக்குக் கல்வி நிலையமே செய்யும் என்றாலும், இறங்கிய மறுநாளே தாள்களைக் கொடுத்துவிடுங்கள்.

பெயர்ப் பட்டியல்களைப் படிக்க எழுத்து வரிசையும் வேண்டும். முதல் தேர்வுப் பட்டியலில் ஆங்கில வழக்கப்படி மேலே ஐந்தாறு பெயருக்குள் என்னைத் தேடி, காணவில்லை என்று அலுவலகம் வரை ஓடினேன். 31ஆம் எழுத்து அல்லவா, கடைசிக்கு முந்தைய வரியில் பத்திரமாக இருந்தேன்.

9. பதினான்காம் நாள்: கீபோர்டு

ஆங்கிலச் சாவிகளிலேயே ஒலிப்படி ரஷ்யம் அடிக்கும் வசதி இருக்கிறது. அதில் பழகாதீர்கள். அலுவலகம், நூலகம் என்று எங்கும் ரஷ்ய விசைப்பலகை அமைப்புதான். ஸ்டிக்கரை ஒட்டி அதிலேயே பழகுங்கள்.

பெரிய பொறி ஒன்று இதில் இருக்கிறது. நண்பர்கள் என்று சொன்னேனே, அந்த எழுத்துகள் திரையில் ஒன்று போலத் தெரிந்தாலும் கணினிக்கு வேறு வேறு. பாஸ்போர்ட் எண்ணின் முதல் எழுத்தை ரஷ்ய விசையில் 'எம்' என்று அடித்துவிட்டால் கண்ணுக்குத் தவறே தெரியாது. கணினி மட்டும் 'இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு இணையப் படிவம் என்னை நான்கு முறை திருப்பி அனுப்பியது. ஐந்தாம் முறை அந்த ஒரு எழுத்தை அழித்து ஆங்கிலத்துக்கு மாற்றி அடித்தேன், உடனே ஏற்றுக்கொண்டது. பாஸ்போர்ட் எண், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றையும் அடிக்கும் முன் திரையின் மூலையில் எந்த மொழி இருக்கிறது என்று பாருங்கள்.

மருத்துவர் கையால் எழுதும் மருந்துச்சீட்டை மட்டும் என்னால் இன்னமும் படிக்க முடியவில்லை. என் அறைத்தோழிக்கும் முடியவில்லை, அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். அதை அப்தேகாவில் நீட்டிவிடுங்கள். அங்கே இருப்பவர்கள் படித்துவிடுகிறார்கள்.